ஊர்ப்பேர் சொல்லி அழைப்பவள்

"உப்பளத்துக்குக் குடலிறக்கம் அண்ணி. நாளைக்குக் காலையில ஆபரேஷன்" என்றபடி என் நாத்தனார் முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். தொலைபேசி தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுங்கியிருந்தது. அந்த முனையில் யாரோ பேசிக்கொண்டிருக்க, இந்த முனையில் அவள் எனக்குச் செய்தி வாசித்தாள். இரும்பாலைக்குப் பேத்தி பிறந்திருக்கிறது. எல்லைக்கோட்டுக்குப் பல் பிடுங்கியதில் பேச்சே வரவில்லை, அதனால் இன்றைக்கு அவருடைய துணைத்தலைவர்தான் பேசுகிறார். ரெட்டைப்பாலம் புகை பிடிப்பதை விட்டுவிட்டதாகச் சொல்கிறது, நம்புகிற மாதிரி இல்லை.

வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் இதைக் கேட்டுவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். நான் பதற்றப்படாமல் தண்ணீர் கொடுத்து உட்காரவைப்பேன். மாடியில் குடியிருக்கும் நாத்தனாருக்கு மூளையில் கோளாறு ஒன்றும் இல்லை, அவள் ஆட்களை ஊர்ப்பேர் சொல்லித்தான் அழைப்பாள் என்று விளக்குவேன். விளக்கம் கேட்ட பிறகும் சிலர் சந்தேகத்தோடுதான் கிளம்பிப் போகிறார்கள்.

அவள் வேலை பார்ப்பது உள்ளாட்சிகளின் தேசியச் சங்கத்தில். மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி, அவற்றுக்கு மேலே மாகாண நிர்வாகங்கள் என்று மக்கள் ஓட்டுப் போட்டு அமைத்த சிறிய அரசுகள் எல்லாம் சேர்ந்து வைத்திருக்கும் சங்கம் அது. தனித்தனியாகப் போனால் அமைச்சகத்தில் தேநீர்தான் கிடைக்கும், சேர்ந்து போனால் பதிலும் கிடைக்கும். இவ்வளவுதான் சங்கம் என்பாள் நாத்தனார். பெரிய அறிக்கைகளில் இதையே பல பக்கங்களுக்கு எழுதியிருக்கிறார்கள். நான் படித்துப் பார்த்திருக்கிறேன், அவள் எதையும் விட்டுவிடவில்லை.

அவளுக்கு உறுப்பினர் தொடர்பு அலுவலர் என்று பெயர். எந்த ஊர்த் தலைவருக்கு எந்தச் சந்தேகம் வந்தாலும் மணி அடிப்பது அவள் மேசையில்தான். சந்தேகம் தீர்ப்பது அவள் வேலை இல்லை. அதே தலைவலி ஏற்கெனவே வந்து போன இன்னொரு ஊரைத் தேடிப் பிடித்து இரண்டையும் பேசவைப்பது அவள் வேலை. "நாய்த்தொல்லையா? இரும்பாலைகிட்டப் பேசுங்க. அவங்க ஒரு வழி கண்டுபிடிச்சிருக்காங்க. நல்ல வழிதான், பயப்படாதீங்க." இப்படித் தினமும் ஊருக்கும் ஊருக்கும் கல்யாணத் தரகு பார்ப்பதைப் போல ஏதாவது நடந்துகொண்டே இருக்கும். சில சம்பந்தங்கள் முறிந்தும் போகும். ஒரே ஆற்றில் குடிநீர் எடுக்கும் இரண்டு ஊர்களைப் பேசவைத்துவிட்டு அவள் ஒரு வாரம் தலைவலி மாத்திரை போட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

ஊர்களுக்கு அரசிதழில் நீளமான பெயர்கள் இருக்கின்றன, முன்னால் ஒரு அடைமொழி, பின்னால் ஒரு தகுதிநிலை என்று. நாத்தனார் வாயில் அவை எல்லாம் இப்படிக் குறுகிவிட்டன. அலுவலகத்திலும் எல்லோருக்கும் இந்தப் பழக்கம்தான். சங்கத்தின் கூட்டங்களில் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் அட்டையில் ஊர்ப்பேர் கொட்டை எழுத்தில் இருக்கும், ஆளின் பேர் அதற்கு அடியில் பொடி எழுத்தில் கிடக்கும். ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், ஊர் அங்கேயே இருக்கும் என்பதால் அப்படி வைத்தார்களாம். பேரைப் படிக்க வேண்டுமென்றால் மார்புக்கு அருகே குனிய வேண்டும். அது மரியாதையாக இருக்காது என்பதால் எல்லோரும் ஊரைச் சொல்லியே கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள்.

அலுவலகம் ஒரு வங்கிக்கு மேலே, மூன்றாவது மாடியில். ஏறிப்போக ஒரு லிப்ட் உண்டு. நின்றுபோவதில் அதற்கு ஈடு கிடையாது. அதைச் சரிசெய்ய வந்தவர்தான் பிற்பாடு நாத்தனாருக்குக் கணவரானார். அன்றைக்கு உள்ளே மாட்டிக்கொண்டிருந்தவள் இவள். கதவு திறந்ததைக்கூடப் பொருட்படுத்தாமல் ரெட்டைப்பாலத்துக்குத் தண்ணீர்க் குழாய் விஷயமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாளாம். "அழுதுகிட்டு இருப்பாங்கன்னு நெனச்சு ஓடி வந்தேன். இவ என்னைக் கையைக் காட்டி இருக்கச் சொன்னா" என்று அவர் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். தனக்கும் ஒரு ஊர் இருந்தால் மனைவி தன்னையும் ஞாபகம் வைத்துக்கொள்வாள் என்பது அவருடைய நிரந்தரப் புகார்.

வேடிக்கை என்னவென்றால் அவள் எந்த ஊருக்கும் போனதில்லை. பஸ் ஏறினால் வாந்தி, ரயில் ஏறினால் தலைசுற்றல். நாட்டின் ஊர்களை எல்லாம் காதாலேயே பார்த்து வைத்திருக்கிறாள். நாங்கள் குடும்பத்தோடு எங்காவது கிளம்பினால் வழியனுப்ப வந்து நின்று, "அங்க பஸ் ஸ்டாண்டுல கழிப்பறை புதுசா கட்டியிருக்காங்க. அவசியம் போய்ப் பாருங்க அண்ணி" என்பாள். கடற்கரையைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. ஒருமுறை அவள் பேச்சைக் கேட்டு என் கணவர் மலை ஏறிப் போய்க் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தைப் பார்த்துவிட்டு வந்தார். தங்கையிடம் அதை விவரித்தபோது அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்த பிறகு, இப்போது நாங்களே கேட்டுக்கொண்டு போகிறோம்.

ஒரு பத்திரிகைக்கு அவளைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும், என்ன இருக்கிறது என்னைப் பற்றி எழுத என்று கேட்டுவிட்டு, அலுவலகத்துக்கு வந்து இரண்டொரு நாள் உட்காரச் சம்மதித்தாள். நான் போன நேரம் அவ்வளவு நல்ல நேரம் இல்லை. உள்ளாட்சித் தேர்தல் முடிந்து முடிவுகள் வந்திருந்தன. சங்கத்துக்குத் தேர்தல் என்பது வீட்டில் பாதிப் பேர் ஒரே ராத்திரியில் மாறிப்போவது. ஜெயித்தவர்களை அழைத்து வாழ்த்துச் சொல்லி, வருடப் பேரவைக்கு வரும்படி கூப்பிடுவது நாத்தனாரின் பொறுப்பு. தோற்றவர்களை அழைப்பது யாருடைய பொறுப்பும் இல்லை.

தோற்றவர்களில் ஒருவர் கலங்கரை.

கலங்கரை என்றால் கலங்கரை விளக்கம் இருக்கும் துறைமுக ஊர் என்றும் கொள்ளலாம், அதன் நகர்மன்றத் தலைவர் என்றும் கொள்ளலாம். நாத்தனார் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. அவர்தான் சங்கத்தின் தலைவரும்கூட. முன்பெல்லாம் பேரவையில் பெரிய மாநகரங்கள் முன்வரிசையிலும் சின்ன ஊர்கள் கதவோரத்திலும் உட்காரும் வழக்கம் இருந்தது. அவர் வந்துதான் அகரவரிசையில் நாற்காலி போடவைத்தார். அதற்குப் பிறகு தலைநகரத்து மேயருக்குப் பக்கத்தில் மீனவக் குப்பத்து ஊராட்சித் தலைவி உட்கார்ந்து, மதிய உணவு வரை அவரிடம் மழைநீர் வடிகாலைப் பற்றிப் பேசினார். மேயருக்கு அன்று வேறு வழி இல்லை. அந்தக் காட்சியைச் சொல்லும்போதெல்லாம் நாத்தனாருக்குக் குரல் ஒரு சுருதி ஏறிவிடும்.

அவர் ஏன் தோற்றார் என்பதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. சந்தைத் தெருவில் வண்டி நிறுத்தக் கூடாது என்றார். சந்தைத் தெரு அவரை நிறுத்திவிட்டது. ஊர்த் தலைவர் பதவி போனால் சங்கத் தலைவர் பதவியும் போய்விடும், அது விதி. பேரவையைக் கூட்டி, அடுத்த தலைவரைத் தேர்ந்தெடுத்து, நாற்காலியைக் கொடுத்துவிட்டுப் போவது மட்டும் பாக்கி.

முடிவு வந்த மறுநாள், காலையிலிருந்து புதியவர்களை வாழ்த்தி வாழ்த்தித் தொண்டை கட்டிப்போன நாத்தனார், பேரவை விஷயமாக ஒன்று கேட்பதற்காகப் பழக்க தோஷத்தில் அவர் வீட்டு எண்ணை அழுத்தியிருக்கிறாள். எடுத்தது அவர் மனைவி. கையில் மாவு இருந்ததால் ஒலிபெருக்கியில் போட்டிருந்தார்.

"அம்மா, கலங்கரை இருக்காரா?"

அந்த அம்மாள் சிரித்தாரா, பெருமூச்சு விட்டாரா என்று இன்றுவரை நாத்தனாருக்குத் தெரியவில்லை. "கலங்கரை நேத்து வரைக்கும் இங்கதாம்மா இருந்தாரு. இன்னிக்கு மருந்துக்கடைத் தெருவுல இருக்காரு" என்றாராம். புதிதாக ஜெயித்தவர் மருந்துக்கடைக்காரர். ஒலிபெருக்கியில் அடுத்துக் கேட்டது இரும்புச் சாமான் ஏதோ தரையில் விழுந்த சத்தம். அவர் சமையலறைக் குழாயைப் பழுதுபார்த்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்திருக்கிறார்.

நாத்தனார் அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்து, வந்த காரியத்தைச் சொல்லாமல் பாத்திரம் எல்லாவற்றையும் கழுவிவைத்தாள். மனசு சரியில்லை என்றால் அவள் பாத்திரம் கழுவுவாள், அது எனக்குத் தெரியும். கடைசிக் கரண்டியைத் துடைத்தபடிதான் சொன்னாள். "மன்னிப்பு கேக்கலாம்னு பாத்தேன் அண்ணி. என்னன்னு சொல்லிக் கூப்பிடறது? வாய் வரைக்கும் ஊர்தான் வருது. அவரு பேரையே பழைய பட்டியல்ல தேடித்தான் கண்டுபிடிச்சேன்."

எனக்கு அதைக் கேட்டுச் சங்கடமாக இருந்தது. அத்தனை வருடம் தினமும் பேசிய மனிதரின் பேர் அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. ஊரோடு சேர்த்து ஆளையும் நாம்தான் பறித்துக்கொண்டோமோ என்று அவள் நினைத்தாள். அப்படி எல்லாம் இல்லை என்று நான் சொன்னேன். சொன்னது எனக்கே நம்பும்படி இல்லை.

அந்த அம்மாள் மூலம் தகவல்கள் வந்தபடி இருந்தன. அவர் கடைத்தெருவுக்குப் போவதில்லை. முடிவெட்டக்கூட வெளியே போகவில்லை. வீட்டில் இருக்கும் எல்லாக் குழாய்களையும் கழற்றி மாட்டிவிட்டார். "ஒரு குழாயும் சொட்டலம்மா. எனக்குத்தான் தாங்கல" என்று அந்த அம்மாள் குறைப்பட்டார். பேரவைக்கு வரமாட்டாராம். சங்கத்தின் துணைத்தலைவரே நடத்திக்கொள்ளட்டும் என்கிறாராம்.

செயலரிடம் நாத்தனார் இதைச் சொன்னபோது நானும் அறையில் இருந்தேன். சங்கத்தின் செயலர் எப்போதும் இஸ்திரி கலையாத சட்டையில், கலையாத நிதானத்தில் இருப்பவர். துணைத்தலைவர் நடத்த விதியில் இடம் இருக்கிறதே என்றார். அவர் சொன்னது முழுக்கச் சரி. வானம் ஒன்றும் இடிந்து விழாது. ஆனால் நாத்தனாருக்கு விஷயம் பேரவை நடப்பதைப் பற்றியது இல்லை. இந்தக் கதவு வழியாக இப்போது நுழையாவிட்டால் அந்த மனிதர் இனி எந்தக் கதவு வழியாகவும் வெளியே வரமாட்டார் என்று அவள் பயந்தாள். அந்தக் கதவைச் சாத்தியது தன் வாய்தான் என்றும் நினைத்தாள்.

மறுநாளிலிருந்து அவள் ஒரு தந்திரம் செய்தாள். மன்னிப்பும் கேட்கவில்லை, வாருங்கள் என்றும் அழைக்கவில்லை. தினம் காலையில் வேலை விஷயமாக ஒரு கேள்வி கேட்டாள், அந்த அம்மாளிடம். போன தடவை மைக் எந்தக் கடையில் எடுத்தோம்? அந்த அம்மாள் தொலைபேசியைக் கையில் பிடித்தபடியே உள்ளே கேட்டுவிட்டு வந்து பதில் சொன்னார். "தெரியாதுன்னு சொல்லச் சொல்றாரு. ஆனா சந்தைக்குப் பின்னாடி கடைன்னு முணுமுணுக்கறாரு." அடுத்த நாள் நாற்காலி உறை பற்றி. அதற்கடுத்த நாள் ஒரு காது கேட்காத தலைவருக்கு எந்தப் பக்கம் இடம் போடுவது என்று. அந்த அம்மாளின் பதில்கள் நாளுக்கு நாள் நீண்டுகொண்டே போயின. "இருமா, இன்னும் சொல்லிக்கிட்டே இருக்காரு, நான் மறந்துடுவேன், மெதுவா சொல்லுங்கன்னா கேக்க மாட்டேங்கறாரு" என்று நடுவில் அவர் திணறியது மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்த எனக்கே கேட்டது.

பிறகு வந்தது அந்தக் கேள்வி. அதை நாத்தனார் இட்டுக்கட்டவில்லை, உண்மையிலேயே நடந்தது. இந்தத் தடவை புதிய முகங்கள் அதிகம், ஆகவே அடையாளம் தெரிய வசதியாக மக்கள்தொகைப்படி நாற்காலி போட்டுவிடலாம் என்று துணைத்தலைவர் சொல்லியனுப்பியிருந்தார். நாத்தனார் அதை அப்படியே அந்த அம்மாளிடம் சொன்னாள். ஒலிபெருக்கியில் ஏதோ கரகரத்தது. தொலைபேசி கை மாறிவிட்டது.

"யாரு சொன்னது அப்படி?"

நாத்தனார் நிமிர்ந்து உட்கார்ந்தாள். துணைத்தலைவர்தான் சொன்னார் என்றாள். வரப்போகிற பாதிப் பேருக்கு அகரவரிசை எதற்கென்றே தெரியாது, சொல்ல ஆள் இல்லை என்றாள். மறுமுனையில் அவர் கொஞ்ச நேரம் அகரவரிசையைப் பற்றிப் பேசினார். பெரிய ஊரின் காதில் சின்ன ஊரின் பேச்சு விழ வேண்டும், அதற்கு வேறு வழியே கிடையாது என்றார். குரல் எனக்கும் கேட்டது. பேசப் பேசச் சூடாகி, சட்டென்று நின்றது.

"சரிம்மா. நான் வந்தா என் கழுத்துல என்ன மாட்டுவ? அட்டையில ஊர் வேணுமே."

"உங்க பேரு."

"பேரு அடியில பொடியா வரும். மேல?"

"மேலயே உங்க பேருதான். பெரிய எழுத்துல" என்றாள் நாத்தனார். யாரையும் கேட்கவில்லை, தானாகவே சொல்லிவிட்டாள்.

அவர் வைத்துவிட்டார். வருகிறேன் என்றும் இல்லை, வரமாட்டேன் என்றும் இல்லை. நாத்தனார் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தபடியே இருந்தாள். பிறகு எல்லைக்கோடு அழைத்தது. பல் சரியாகிவிட்டதாம், குரலில் உற்சாகம் தாங்கவில்லை.

அட்டை அடிப்பதில் ஒரு சிக்கல் வந்தது. பேரவைக்கு வருகிறவர்களைப் பதிவு செய்யும் கணினிப் பக்கத்தில் உள்ளாட்சியின் பெயர் என்று ஒரு கட்டம் உண்டு. அதைக் காலியாக விட்டால் பக்கம் சிவந்துபோய் நகரமாட்டேன் என்கிறது. செயலர் அதில் 'முன்னாள் தலைவர்' என்று போட்டுவிடச் சொன்னார், இல்லாவிட்டால் 'சிறப்பு விருந்தினர்'. இரண்டும் நாத்தனாருக்குப் பிடிக்கவில்லை. முன்னாள் என்பதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒரு மனிதர் எப்படி நடப்பார், விருந்தினர் என்றால் போய்விட வேண்டியவர் என்று அர்த்தம் இல்லையா என்று என்னைக் கேட்டாள். பிறகு அவளே உள்ளாட்சியின் பெயர் என்ற கட்டத்தில் அவருடைய பேரை அடித்தாள். பக்கம் பச்சையாகி நகர்ந்துவிட்டது. அட்டை அழகாக வந்தது. கொட்டை எழுத்தில் ஒரு மனிதரின் பேர், அடியில் வெற்றிடம்.

அந்தக் கட்டம் அட்டையோடு நிற்பதில்லை என்பது அவளுக்குத் தெரியாது.

பேரவை நாள் காலையில் நான் முன்னதாகவே போய்விட்டேன். வாடகை மண்டபம், வாசலில் கண்ணாடிக் கதவுகள், கதவை ஒட்டி வெளியே நாத்தனாரின் பதிவு மேசை. மேசை மேல் அட்டைகள் அகரவரிசையில் அடுக்கியிருந்தன. ஆமாம், அகரவரிசைதான். அதை மட்டும் துணைத்தலைவரிடம் அவள் எப்படியோ சாதித்துவிட்டாள், எப்படி என்று சொல்ல மறுக்கிறாள். ஊர்கள் ஒவ்வொன்றாக வந்தன. உப்பளம் குடலிறக்க அறுவைக்குப் பிறகு மெதுவாக நடந்து வந்து, தையல் எங்கே இருக்கிறது என்று காட்ட முயன்றார். வேண்டாம் என்று தடுத்து அட்டையை மாட்டிவிட்டாள்.

செயலர் உள்ளிருந்து வேகமாக வந்தார். அவர் வேகமாக நடந்து நான் பார்த்தது அன்றுதான். "உள்ள ஒரு நாற்காலி அதிகமா இருக்கு. மேசையில பேர்ப்பலகை, தண்ணி பாட்டில், ஓட்டு அட்டை, எல்லாம் இருக்கு. நாட்டுல இந்தப் பேருல ஊரே இல்லையே" என்றார்.

"அது ஊர் இல்ல சார். ஆளு" என்றாள் நாத்தனார்.

செயலர் விளங்காமல் அவளைப் பார்த்தார். அவர் தோளுக்குப் பின்னால் வரவேற்புத் திரை ஓடிக்கொண்டிருந்தது. சங்கத்தில் புதிதாகச் சேர்ந்த நகராட்சிகளை வரவேற்கிறோம் என்று எழுதி, அதற்குக் கீழே ஒரே ஒரு பேர் வந்தது. அது இத்தனை நாள் சங்கத்துக்குத் தலைவராக இருந்தவரின் பேர். நாத்தனார் அதைப் பார்த்துவிட்டு இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கணினி அவள் அடித்த பேரைப் புது ஊர் என்று நம்பி, அதற்கு நாற்காலி கொடுத்து, ஓட்டுக் கொடுத்து, வாழ்த்தும் சொல்லிவிட்டது. மனிதர் ஏற்கெனவே நொந்துபோய் இருக்கிறார், இப்போது ஊரறியக் கேலி செய்தது போல ஆகிவிட்டதே என்று நானும் நினைத்தேன். உடனே நாற்காலியை எடுக்கச் சொல்கிறேன் என்று செயலர் திரும்பினார். நாத்தனாரும் சரி என்றுதான் தலையாட்டினாள்.

அதற்குள் அவர் வந்துவிட்டார்.

மேசைக்கு வராமல் நேராகக் கதவுக்குப் போனவரைக் காவலாளி நிறுத்தியிருந்தார், அட்டை இல்லாமல் உள்ளே விட உத்தரவு இல்லை என்று. பக்கத்தில் அந்த அம்மாள், தொலைபேசிக் குரலாக மட்டும் நான் அறிந்திருந்தவர், காவலாளிக்கு ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். முடிவெட்டிக்கொண்டு வந்திருந்தார் மனிதர். அதைக் கவனித்ததும் எனக்குள் ஒரு நிம்மதி பரவியது. நாத்தனார் அட்டையை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

"வாங்க" என்றாள். அதற்கு மேல் என்ன சேர்ப்பது என்று ஒரு கணம் தடுமாறினாள். பிறகு, "வாங்கண்ணே" என்றாள்.

அவர் அட்டையை வாங்கி, மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் படித்தார். மாட்டிக்கொள்ளவில்லை. நிமிர்ந்தவர் பார்வை திரையில் விழுந்தது. அது சரியாக அந்த நேரம் பார்த்து அதே வரியைக் கொண்டுவந்தது. நாத்தனார் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தாள். காலியாக விட முடியவில்லை, முன்னாள் என்று போட மனசு வரவில்லை, அந்தக் கட்டத்தில் அடித்தால் இப்படி எல்லாம் ஆகும் என்று தெரியாது. சொல்லச் சொல்ல அவள் குரல் உள்ளே போய்க்கொண்டிருந்தது. அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

உப்பளத்தின் வாய்தான் அந்த நேரத்தில் உதவியது. தையலைப் பிடித்துக்கொண்டே நகர்ந்து வந்து, "புது நகராட்சியா? எங்கய்யா இருக்கு உங்க ஊரு? மக்கள்தொகை எவ்வளவு?" என்று தெரியாதவர் போலக் கேட்டார்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "ரெண்டு பேரு" என்றார். பிறகு மனைவியைக் காட்டி, "எதிர்க்கட்சி இவ."

உப்பளம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சிரிக்கவைக்காதீர்கள், தையல் பிரிந்துவிடும் என்று கெஞ்சியது. அந்த அம்மாள், எங்கள் ஊரில் குடிநீர்ப் பிரச்சினை மட்டும் கிடையவே கிடையாது, எல்லாக் குழாயும் புதிது என்றார். சுற்றி நின்றவர்கள் எல்லாம் அருகே வந்துவிட்டார்கள். அவர் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். செயலரிடம், ஓட்டு அட்டையைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள், நாட்டில் இல்லாத ஊருக்கு ஓட்டு இருக்கக் கூடாது, நாற்காலி மட்டும் அங்கேயே இருக்கட்டும், தலைமையை ஒப்படைத்துவிட்டு வந்து உட்கார எனக்கு ஓர் இடம் வேண்டும் என்றார். செயலருக்கு விதிப்புத்தகத்தில் இதற்குப் பக்கம் எது என்று தெரியவில்லை. தெரியாததில் அவருக்குப் பெரிய வருத்தம் இருந்ததாகவும் தெரியவில்லை. நாத்தனார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேசைக்குத் திரும்பினாள். நான் எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்து, இதையெல்லாம் எழுதாதீர்கள் என்று விரலை ஆட்டினாள்.

சிரிப்பு அடங்கும்போதுதான் மருந்துக்கடைக்காரர் வந்தார். புதிய கலங்கரை. இளவயது, புதுச் சட்டை, மார்போடு அணைத்த ஒரு கோப்பு. மேசையில் அட்டையை வாங்கி மாட்டிக்கொண்டு நிமிர்ந்தவர், தான் தோற்கடித்தவரை எதிரே பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். உள்ளே போக அவருக்கு இவரைக் கடந்துதான் போக வேண்டும். அவருடைய அட்டை வாரில் முறுக்கிக்கொண்டு, எழுத்தில்லாத பின்பக்கம் வெளியே தெரியத் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

பெரியவர் இரண்டு எட்டு முன்னால் போனார். மருந்துக்கடைக்காரரின் மார்பில் கிடந்த அட்டையைப் பிடித்து, முறுக்கை எடுத்து, ஊர்ப்பேர் எல்லோருக்கும் தெரியும்படி திருப்பிவிட்டார். ஒரு தரம் விரலால் அதை நீவியும் விட்டார்.

"ஊர் தெரியணும் தம்பி" என்றார். "வாங்க, எடம் காட்டறேன். உங்களுக்குப் பக்கத்துல ஒரு மலை ஊரு, சின்ன ஊரு. நெறைய பேசுவாங்க. கேட்டுக்குங்க."

அவர் கையை இளையவரின் முழங்கையில் வைத்து நடத்திக்கொண்டு வந்தார். மேசையில் தொலைபேசி அடித்தது. மணி அடித்தால் லிப்டுக்குள்ளிருந்தும் எடுக்கும் என் நாத்தனார் அதை அடிக்க விட்டுவிட்டு எழுந்து போய், மண்டபத்தின் கண்ணாடிக் கதவுகள் இரண்டையும் இழுத்துத் திறந்து, இருவரும் ஒன்றாக நுழையும் வரை பிடித்துக்கொண்டு நின்றாள்.